கடலை விட்டுப் போன கடற்கரைக்காரர்: திருகோணமலையும் பிரமிளின் நவீனத்துவமும்

இருபதாம் நூற்றாண்டின் முதற்பாதியில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் எழுந்து, கதையை நடந்த வரிசையிலேயே சொல்ல வேண்டும் என்ற பழக்கத்தையும், கவிதை யாப்புக்குள்ளேயே நிற்க வேண்டும் என்ற கட்டுப்பாட்டையும் உடைத்து, மனித மனம் ஒரு கணத்தில் உணர்வதை அக்கணத்தின் சிதைவோடும் ஒழுங்கின்மையோடும் மொழியில் பிடிக்க முயன்ற இலக்கியப் போக்குக்கு நவீனத்துவம் என்று பெயர். நவீனம் என்ற சொல் தமிழில் ஒரு காலத்தில் நாவலையே குறித்தது என்பதால், இரண்டையும் குழப்பிக்கொள்ளாதிருப்பது நல்லது. நவீனங்கள் எல்லாம் நவீனத்துவப் படைப்புகளாகிவிடவில்லை. அமெரிக்காவில் இப்போக்கின் பெரும் நாவலாசிரியராகக் கொள்ளப்படும் வில்லியம் போக்னர் 1897 முதல் 1962 வரை வாழ்ந்தவர். மிசிசிப்பி மாநிலத்தின் ஒரு சிறு மாவட்டத்தை யோக்னபட்டோபா என்று பெயர் மாற்றி, அதற்கு நிலப்படமும் வரைந்து, 1936இல் வெளியான நாவலொன்றின் இறுதியில் அதைச் சேர்த்து அச்சிட்டவர். தமிழில் அதே போக்கைக் கவிதை, கதை, விமர்சனம் ஆகிய மூன்றிலும் மிகக் கடுமையாக வற்புறுத்தியவர் 1939 ஏப்பிரல் 20இல் திருகோணமலையில் பிறந்த சிவராமலிங்கம். தருமு சிவராமு, அரூப் சிவராம், பானுசந்திரன் என்று பெயர்களை மாற்றிக்கொண்டே சென்று, கடைசியில் பிரமிள் என்ற பெயரால் நிலைத்தவர் அவரே.

போக்னர் தம் மண்ணிலேயே இருந்து அம்மண்ணையே எழுதினார். பிரமிள் தம் மண்ணை விட்டுச் சென்றார். அதை நேராக எழுதியதும் குறைவு. ஆயினும் அவருடைய எழுத்தின் பார்வைக் கோணம் ஒரு துறைமுக நகரத்திலிருந்து பெறப்பட்டது என்பதே இக்கட்டுரை நிறுவ முயலும் கருத்து.

துறைமுகம் இருந்தும் நாவலில் கடல் இல்லை

திருகோணமலையின் கொட்டியாரக் குடாவுக்கும் நாவல் வரலாற்றுக்கும் உள்ள தொடர்பு தமிழ் நாவலை விடப் பழையது. 1660இல் மூதூர்க் கரையோரத்தில் கண்டி அரசனின் ஆட்களால் பிடிக்கப்பட்டு, 1679 வரை மலைநாட்டில் சிறைக்கைதியாகத் திரிந்து தப்பிய ஆங்கிலேயக் கடலோடி றொபேட் நொக்ஸ், 1681இல் தம் அனுபவங்களை நூலாக வெளியிட்டார். ஆங்கில நாவலின் முன்னோடிகளுள் ஒருவரான டானியல் டீபோ அந்நூலை நன்கு அறிந்தவர். 1720இல் வெளியான தம் கதையொன்றில் நொக்ஸின் வரலாற்றையே எடுத்துச் சொல்கிறார். ஆங்கில நாவலின் தொடக்க ஏடுகளில் கொட்டியாரக் கரையின் உப்புக்காற்றும் கொஞ்சம் கலந்திருக்கிறது என்று திருகோணமலை மாவட்டத்தார் சொல்லிக்கொண்டால் அது வீண்பெருமையாகாது.

தமிழ் நாவலிலும் திருகோணமலை பிந்தியதில்லை. மாயூரம் வேதநாயகம்பிள்ளையின் பிரதாப முதலியார் சரித்திரம் வெளிவந்தது 1879இல். ஈழத்தில் கண்டியைச் சேர்ந்த சித்திலெப்பையின் அசன்பேயுடைய சரித்திரம் 1885இலும், திருகோணமலையைச் சேர்ந்த எஸ். இன்னாசித்தம்பியின் ஊசோன் பாலந்தை கதை 1891இலும் தோன்றின. திருகோணமலையிலிருந்து சென்னைக்குச் சென்று மாநிலக் கல்லூரியில் கற்று, அங்கேயே நூலகப் பணியில் இருந்த தி. த. சரவணமுத்துப்பிள்ளையின் மோகனாங்கி 1895இல் வெளிவந்தது. தமிழின் முதல் வரலாற்று நாவல் என்று இலக்கிய வரலாற்றாசிரியர் பலர் அதையே குறிப்பிடுகின்றனர். சரவணமுத்துப்பிள்ளை 1892இலேயே தத்தைவிடு தூது என்ற பிரபந்தத்தை இயற்றி, கிளியைத் தூதுவிடும் பழைய வடிவத்துக்குள் பெண் விடுதலை என்ற புதிய பொருளை வைத்தவர். பழைய பாத்திரத்தில் புதிய சரக்கை நிறைக்கும் இத்துணிவு அவருக்குப் பிந்திய பலரிடம் இல்லை.

ஆனால் இம்முன்னோடி நூல்களின் களங்களைக் கவனித்தால் ஒரு வியப்பு எழும். சித்திலெப்பையின் கதை எகிப்தில் நடக்கிறது. ஊசோன் பாலந்தை கதை இடைக்கால ஐரோப்பியக் காதையொன்றின் தமிழ் வடிவம். மோகனாங்கியோ மதுரைச் சொக்கநாத நாயக்கரையும் தஞ்சை விஜயராகவ நாயக்கரின் மகளையும் சுற்றியது. உலகின் பெரிய இயற்கைத் துறைமுகங்களுள் ஒன்றின் கரையில் பிறந்தவர்கள் அத்துறைமுகத்தை ஏன் எழுதவில்லை? அக்காலத்தில் கதை என்பது தொலைவில், அரசரிடத்தில், முன்னொரு காலத்தில் நிகழ வேண்டியதாகக் கருதப்பட்டது என்பது ஒரு விடை. கடலில் இறங்குகிறவன் படிக்கிறவனாக இருக்கவில்லை, படித்தவன் கடலில் இறங்கவில்லை என்பது இன்னொரு விடை. இரண்டாவதே உண்மைக்குக் கிட்டியது எனலாம்.

அந்த வெற்றிடத்தை நிரப்பியவர் மூதூரின் வ. அ. இராசரத்தினம். 1925இல் பிறந்து 2001இல் மறைந்த இவ்வாசிரியர் குடாவின் மறுகரையிலிருந்துகொண்டு தோணி, துறை, மணல், அவற்றை நம்பிய மனிதர் ஆகியவற்றைத் தம் கதைகளுக்குப் பொருளாக்கினார். தோணி என்ற சிறுகதைத் தொகுதி இலங்கைச் சாகித்திய மண்டலப் பரிசைப் பெற்றது. துறைக்காரன், கிரௌஞ்சப் பறவைகள், ஒரு வெண்மணற் கிராமம் காத்துக்கொண்டிருக்கிறது ஆகிய நாவல்களும் அவருடையவை. ஓர் ஊரை விடாது எழுதி அதை இலக்கிய வரைபடத்தில் ஏற்றியவர் என்ற வகையில், போக்னருக்கு இம்மாவட்டத்தில் ஒப்புச் சொல்ல வேண்டுமானால் இராசரத்தினத்தையே சொல்ல வேண்டும். ஆனால் கதை சொல்லும் முறையில் அவர் யதார்த்தவாதி, அதாவது கண்ணால் காணும் வாழ்வை அதன் இயல்பான ஒழுங்கிலேயே தருபவர். முறையையே மாற்றிய நவீனத்துவர் பிரமிளே.

அவர் வளர்ந்த ஊர்

பிரமிள் பிறந்த ஆண்டிலேயே இரண்டாம் உலகப்போர் தொடங்கியது. அவருக்கு மூன்று வயது நிறைவதற்குப் பதினொரு நாட்கள் இருந்தபோது, 1942 ஏப்பிரல் 9 அன்று, யப்பானிய விமானங்கள் திருகோணமலைத் துறைமுகத்தின்மீது குண்டு வீசின. பிரித்தானியக் கடற்படையின் பெருந்தளமாக அவ்வூர் இருந்த காலம் அது. கப்பல்களுக்கு எரிபொருள் சேர்த்து வைக்க அமைத்த இராட்சத எண்ணெய்த் தாங்கிகள் இன்றும் சீனன்குடாவின் காட்டுக்குள் நிற்கின்றன. 1956இல் சிங்களம் மட்டும் சட்டம் வந்தது. அதே ஆண்டு ஓகஸ்ட்டில் தமிழரசுக் கட்சியின் தொண்டர்கள் கால்நடையாக வந்து திருகோணமலையில் மாநாடு கூட்டினர். அதே ஆண்டில்தான் ஆர்தர் சி. கிளார்க்கும் அவருடைய நண்பர் மைக் வில்சனும் சுவாமி மலையடியில் கடலுக்குள் இறங்கி, போர்த்துக்கேயர் பதினேழாம் நூற்றாண்டில் இடித்துத் தள்ளிய கோணேசர் கோயிலின் தூண்களையும் கற்களையும் கண்டனர். 1957 ஒக்டோபரில் பிரித்தானியக் கடற்படை தளத்தை இலங்கையிடம் ஒப்படைத்துவிட்டு வெளியேறியது. அப்போது பிரமிளுக்குப் பதினெட்டு வயது.

இந்நிகழ்ச்சிகளுக்கும் அவருடைய கவிதைகளுக்கும் நேர்க்கோடு போடுவது மலிவான விமர்சனமாகும். ஆனால் கடலுக்கடியில் கிடக்கும் கோயில், காலியாகும் கடற்படைத் தளம், எந்நேரமும் எங்கிருந்தோ வந்து எங்கோ போகும் கப்பல் ஆகியவற்றுக்கு நடுவே வளர்ந்த ஒருவருக்கு, கண்முன் தெரிவது முழுமையன்று, அதற்கடியில் வேறொன்று அமிழ்ந்து கிடக்கிறது என்ற எண்ணம் கற்றுக்கொள்ள வேண்டிய தத்துவமாக இருந்திருக்காது. அது அவ்வூரின் அன்றாடக் காட்சி. இராமகிருஷ்ண மிஷன் பாடசாலையில் அவர் பெற்ற படிப்பு முறையான உயர்கல்வியாக நீளவில்லை. ஆங்கில நூல்களைத் தாமே படித்துத் தேர்ந்தார். ஓவியம் தீட்டினார், களிமண்ணில் சிற்பம் செய்தார்.

சென்னைக்குப் போன கையெழுத்துப்படிகள்

1959 ஜனவரியில் சி. சு. செல்லப்பா சென்னையிலிருந்து எழுத்து என்ற இதழைத் தொடங்கினார். இலாப நோக்கமும் பெரும் விற்பனையும் இல்லாமல் குறிப்பிட்ட இலக்கியக் கொள்கைக்காக நடத்தப்படும் ஏட்டைச் சிற்றிதழ் என்பர். தமிழில் அவ்வகைக்கு இலக்கணமாக அமைந்தது எழுத்துதான். 1970 வரை 119 இதழ்கள் வெளிவந்தன. யாப்பை விட்டு, பேச்சின் ஓசையையும் எண்ணத்தின் ஓட்டத்தையும் நம்பி எழுதப்படும் புதுக்கவிதைக்கு அவ்விதழே களம். ந. பிச்சமூர்த்தி அமெரிக்கக் கவிஞர் வால்ட் விட்மனைப் படித்ததன் தூண்டுதலில் முன்னரே போட்டு வைத்த பாதையில், எழுத்துவின் இளையவர்கள் நடந்தனர். 1960இல் நான் என்ற கவிதையோடு அதில் நுழைந்தபோது, தருமு சிவராமு என்ற அந்த ஈழத்து இளைஞருக்கு வயது இருபது. 1962இல் செல்லப்பா தொகுத்த புதுக்குரல்கள் என்ற முதல் புதுக்கவிதைத் தொகுப்பிலும் அவர் இடம்பெற்றார்.

கவிதையை விடவும் அவருடைய உரைநடையே அன்று பலரைத் திடுக்கிட வைத்தது. சிறுகதையாசிரியர் மௌனியின் எழுத்து புரியவில்லை என்று பலர் ஒதுக்கிய காலத்தில், அக்கதைகளில் நிகழ்ச்சியை விட நிகழ்ச்சியை உணரும் மனமே கதாபாத்திரம் என்பதை அவர் விரித்து எழுதினார். மௌனியின் தொகுப்பொன்றுக்கு முன்னுரை எழுதும் பொறுப்பும் அவரைத் தேடி வந்தது. தமிழகத்து எழுத்தாளர் ஒருவரைத் தமிழகத்து வாசகருக்கு விளக்கிச் சொல்ல, பாக்கு நீரிணைக்கு இப்பாலிருந்து ஓர் இளைஞர் தேவைப்பட்டார் என்பதில் ஈழத்து வாசகர் சற்றே மகிழ்ந்துகொள்ளலாம்.

ஈழத்தில் நிலைமை வேறாயிருந்தது. 1954இல் தோன்றிய முற்போக்கு எழுத்தாளர் சங்கமும், பேராசிரியர் க. கைலாசபதி வளர்த்த மார்க்சிய விமர்சனமும் இலக்கியத்தைச் சமூக மாற்றத்தின் கருவியாகக் கண்டன. எழுத்து வழிவந்த புதுக்கவிதை தனிமனிதச் சோர்வின் குரலாகவே அவ்விமர்சனத்துக்குப் பட்டது. அவ்வணுகுமுறை சாதியையும் வர்க்கத்தையும் இலக்கியத்தின் நடுவுக்குக் கொண்டுவந்தது பெரும் பணி, அதை மறுப்பதற்கில்லை. ஆனால் மொழியின் புதுமையை அளக்க அதனிடம் அளவுகோல் இருக்கவில்லை. ஈழத்தில் அக்காலத்தில் வேறு திசையில் சிந்தித்தவர்கள் புங்குடுதீவின் மு. தளையசிங்கம் போன்ற ஒரு சிலரே. பிரமிளுக்கு ஊரில் இதழும் இல்லை, தம் வகை வாசகரும் இல்லை. இருந்த இரண்டும் சென்னையில் இருந்தன.

படிமம்

அவரைப் படிமக் கவிஞர் என்று சொல்வது வழக்கம். படிமம் என்பது உவமை அன்று. உவமை இரண்டு பொருள்களை அருகருகே வைத்து ஒன்றைப்போல் மற்றொன்று என்று சொல்லி விலகிவிடும். படிமமோ எண்ணமும் உணர்ச்சியும் ஒரே நொடியில் ஒரு காட்சியாகத் திரண்டு நிற்பது. அமெரிக்கக் கவிஞர் எஸ்ரா பவுண்ட் 1913இல் இக்கருத்தைக் கொள்கையாக முன்வைத்தார். தமிழுக்கு அது அந்நியமும் அன்று. சங்கக் கவிதையில் சொல்லாமல் விடப்பட்ட பொருளை நிலமும் பறவையும் சுமந்து நிற்கும் உள்ளுறை அதற்கு நெருங்கிய உறவு. பிரமிளின் சாதனை, இவ்விரண்டு மரபையும் அறிந்த பிறகு, விண்வெளி, அணு, காலம் ஆகிய நவீன அறிவியலின் பொருள்களைப் படிமத்துக்குள் கொண்டுவந்தது. ஐன்ஸ்டைனின் புகழ்பெற்ற சமன்பாட்டையே தலைப்பாக வைத்து அவர் எழுதிய கவிதை, கணிதக் குறியீடும் தமிழ்க் கவிதைச் சொல்லாக முடியும் என்பதற்குச் சான்று. உதிரும் இறகு ஒன்றைப் பற்றிய காவியம் என்ற மிகச்சிறு கவிதையோ நேர் எதிர்த்திசையில் செல்கிறது; ஒருசில வரிக்குள் முடியும் அதற்கு அப்படியொரு தலைப்பிடுவதில் உள்ள குறும்பை ஆழ்ந்த வாசகர்கூடச் சில வேளை கவனிப்பதில்லை.

கண்ணாடியுள்ளிருந்து 1972இலும், கைப்பிடியளவு கடல் 1976இலும், மேல்நோக்கிய பயணம் 1980இலும் வெளிவந்தன. நடுவிலுள்ள தலைப்பைத் திருகோணமலைக்காரர் ஒருவர் வாசிக்கும்போது அது மற்றவருக்குத் தராத ஒரு பொருளையும் தரும். உள்துறைமுகத்தில் நின்று பார்ப்பவருக்குக் கடல் எல்லையற்ற வெளியாகத் தெரிவதில்லை. நாற்புறமும் குன்றும் காடும் சூழ, ஒரு கையின் குழியில் ஏந்திய நீர்போலவே தெரியும். குன்றேறிக் கோணேசர் கோயிலடியில் நின்றால் அதே கடல் கரையில்லாததாகிவிடும். அடங்கிய கடலும் அடங்காத கடலும் அரைமணி நடையில் மாறி மாறித் தெரியும் ஊரில் பிறந்தவர் அத்தலைப்பை வைத்தார் என்பதை வெறும் தற்செயலாக ஒதுக்க மனம் வருவதில்லை.

நாவல் எழுதாத நவீனத்துவர்

முதல் வரலாற்று நாவலாசிரியரைத் தந்த ஊரின் நவீனத்துவர் பெருநாவல் எதையும் எழுதவில்லை. ஆயி, பிரசன்னம் போன்ற குறுநாவல்களும் சிறுகதைகளும் நட்சத்திரவாசி என்ற நாடகமும் எழுதினார். குறுநாவல் என்பது சிறுகதையின் ஒற்றைக் குவிவையும் நாவலின் கால விரிவையும் சேர்க்க முயலும் வடிவம்; படிமத்தில் சிந்திப்பவருக்கு அதுவே இயல்பான எல்லையாக இருந்திருக்கலாம். தலைப்பிலேயே இத்தீவின் புராணப் பெயரைத் தாங்கும் லங்காபுரி ராஜா அவருடைய புனைகதைகளுள் பெயர்பெற்றது.

புனைகதையில் அவருடைய உச்சம் காடன் கண்டது. காட்டோடு ஒட்டி வாழும் ஒரு விளிம்புநிலை மனிதனின் பேச்சுமொழியிலேயே அக்கதை முழுவதும் நடக்கிறது. படித்த எழுத்தாளர் இத்தகைய மனிதர்களைப் பற்றி எழுதும்போது உரையாடலை மட்டும் அவர்களுடைய பேச்சில் விட்டுவிட்டு, கதை சொல்லும் அதிகாரத்தைத் தம் செந்தமிழிடமே வைத்துக்கொள்வது வழக்கம். இங்கே அவ்வதிகாரம் கைமாறுகிறது. காண்பதும் அவனே, சொல்வதும் அவனே. அவனுக்கு விளங்காததை ஆசிரியர் இடைபுகுந்து விளக்குவதில்லை, வாசகர்தாம் விளங்கிக்கொள்ள வேண்டும். போக்னர் 1930இல் வெளியிட்ட நாவலொன்றில், ஒரு தாயின் சவப்பெட்டியை ஏற்றிச் செல்லும் ஏழைக் குடும்பத்தின் பயணத்தைப் பதினைந்து வெவ்வேறு குரல்களில், எந்தக் குரலையும் திருத்தாமல் சொல்லவைத்தார். அதற்கு முந்திய ஆண்டு வெளியான மற்றொரு நாவலின் முதற்பகுதி, நேற்றையும் இன்றையும் பிரித்தறியாத மனவளர்ச்சி குன்றிய ஒருவனின் மனத்துக்குள்ளேயே நிகழ்கிறது. பிரமிள் போக்னரைப் பின்பற்றினார் என்று சொல்வதற்கில்லை. ஆனால் நவீனத்துவம் தொட்ட இடங்களிலெல்லாம் இதே கேள்வி, அதாவது யாருடைய கண்ணால், யாருடைய மொழியால் என்ற கேள்வி, எழுந்தே தீர்ந்திருக்கிறது. தமிழில் அதற்குக் கிடைத்த மிகச் சுருக்கமான, மிகத் துணிவான விடைகளுள் காடன் கண்டது ஒன்று. அவருடைய கவிதைகளுக்குக் கிடைத்த புகழில் பாதியும் இக்கதைக்குக் கிடைக்காதது வாசகரின் இழப்பு.

போனவர்

1970களின் தொடக்கத்தில் அவர் இந்தியா சென்றார். வாழ்வின் பெரும்பகுதி சென்னையில் கழிந்தது. நிரந்தர வேலையோ வருமானமோ இல்லாமல், நண்பர்களின் ஆதரவிலும் சிற்றிதழ்களின் பக்கங்களிலும் வாழ்ந்தார். தத்துவச் சிந்தனையாளர் ஜே. கிருஷ்ணமூர்த்தியின் சிந்தனை அவரை ஆழமாகப் பற்றியது. எண்சோதிடத்தில், அதாவது எழுத்துகளுக்கு எண் மதிப்புக் கொடுத்துப் பெயரின் பலனைக் கணிக்கும் நம்பிக்கையில், அவருக்கிருந்த ஈடுபாட்டால் பெயர் மாறிக்கொண்டே இருந்தது; நூலகப் பட்டியல் தயாரிப்போருக்கு அவர் இன்றளவும் ஒரு தலைவலி.

சண்டைக்காரர் என்ற பெயரும் அவரோடு சேர்ந்தே வளர்ந்தது. ஒருகாலத்தில் நெருங்கிய நண்பராயிருந்த விமர்சகர் வெங்கட் சாமிநாதனோடு ஏற்பட்ட முறிவு தமிழ்ச் சிற்றிதழ் வரலாற்றின் நீண்ட சர்ச்சைகளுள் ஒன்று. வானம்பாடி இயக்கத்துக் கவிஞர்களின் முழக்கக் கவிதையையும் அவர் விடவில்லை. விமர்சன ஊழல்கள் என்ற தலைப்பே அவருடைய தொனியைச் சொல்லிவிடும். அவ்வெழுத்துகளில் கணிசமான பகுதி தனிமனிதத் தாக்குதலாகத் தாழ்ந்தது என்பதை அவருடைய அன்பர்களும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஆட்கள் மறைந்த பின் அப்பக்கங்களைப் படிப்பது சலிப்பையே தருகிறது. ஆனால் தமிழின் நவீனத்துவம் என்ற நூலில் திரட்டப்பட்டுள்ளவை போன்ற கட்டுரைகள் வேறு தரத்தவை. இலக்கியத்தின் தரத்தை ஆளின் செல்வாக்கும் அணியின் பலமும் தீர்மானிக்கக் கூடாது என்பதை அவர் எந்த விலை கொடுத்தும் விட்டுக்கொடுக்கவில்லை.

ஊரை அவர் மறந்துவிட்டார் என்று சொல்பவர்களுக்கு ஒரு நூல் விடையாக இருக்கிறது. 1983 யூலை வன்முறைக்குப் பின் அவர் எழுதிய ஸ்ரீலங்காவின் தேசியத் தற்கொலை, தலைப்பிலேயே தன் தீர்ப்பை வைத்திருக்கிறது. ஒரு நாடு தன் குடிகளில் ஒரு பகுதியினரை அழிக்கும்போது அழிவது அப்பகுதியினர் மட்டுமன்று, அந்நாடேதான் என்ற அத்தீர்ப்பு, மூன்று இனத்தவரும் ஒரே மீன்சந்தையில் தோளுரசி நிற்கும் மாவட்டத்தில் பிறந்தவர் தருவதாகையால் கனம் கூடியது. அந்நூல் வந்து நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டன. போருக்குப் பின் பிறந்த திருகோணமலை இளைஞர்கள், தங்கள் ஊர்க்காரர் ஒருவர் இதை அன்றே எழுதி வைத்திருக்கிறார் என்பதைப் பாடசாலையில் கேள்விப்படுவதில்லை.

வட அமெரிக்கத் தமிழர்கள் நடத்தும் விளக்கு அமைப்பின் புதுமைப்பித்தன் பெயரிலான விருது அவருக்கு வழங்கப்பட்டது. அவர் மறைந்த பின் கால சுப்ரமணியம் பல்லாண்டு உழைத்து, சிதறிக் கிடந்த கவிதை, கதை, நாடகம், விமர்சனம், மொழிபெயர்ப்பு அனைத்தையும் திரட்டி ஆறு தொகுதிகளாகப் பதிப்பித்தார். திருகோணமலையின் நூலகங்களும் இந்துக் கல்லூரி முதலான பாடசாலைகளும் அந்த ஆறு தொகுதிகளையும், அவற்றோடு மோகனாங்கியையும் தோணியையும், ஓர் அலுமாரியில் வரிசையாக வைத்தால் போதும். நூற்றாண்டுக்கு மேற்பட்ட ஓர் ஊரின் இலக்கியப் பயணத்தை மாணவர் கையெட்டும் தொலைவில் காண்பர்.

பிரமிள் 1997 ஜனவரி 6 அன்று தம் ஐம்பத்தெட்டாவது வயதில் காலமானார். வேலூருக்கு அருகேயுள்ள கரடிக்குடியில் அவர் அடக்கம் செய்யப்பட்டார். அங்கிருந்து மிகக் கிட்டிய கடற்கரை நூறு கிலோமீற்றருக்கும் அப்பால் இருக்கிறது.